கூடவே இருந்தவரை என்ன சொல்லி எழுதுவது?

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஃபிளக்ஸ், வாழ்த்து மடல் எதுவானாலும் மேட்டர் என் மேசையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். எழுத வராமல் வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு மேட்டர் எழுதிக் கொடுப்பதும் நான்தான். கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழாவெல்லாம் சிரமமில்லை. அதற்கென்று வாசகம் வழிவழியாக இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில்தான் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். காலமெல்லாம் கூடவே நின்று உழைத்த ஒருவரைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். அவர் சொந்தக்காரர் இல்லை, பங்குதாரர் இல்லை. சம்பளத்துக்கு இருந்தவர் என்று முடித்துவிடவும் மனம் வராது. அவரை என்னவென்று சொல்வது?

இதற்கு நான் கடைப்பிடிக்கிற வழியை இங்கே எழுதுகிறேன். பணி நிறைவு மடல், நினைவஞ்சலி, மேடையில் வாசிக்கிற நன்றியுரை, புத்தகத்தில் நன்றி சொல்கிற பக்கம் எல்லாவற்றுக்கும் இது உதவும்.

முதல் வேலை, சொல்லைத் தேடாமல் இருப்பது. அவர் என்ன செய்தார் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். கீழமாசி வீதியில் வற்றல், மல்லி மொத்த வியாபாரம் செய்கிற கடையிலிருந்து சின்ன முதலாளி ஒருவர் வந்திருந்தார். கடையின் கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். கடையிலேயே சின்னதாக ஒரு விழா வைத்து, சட்டம் போட்ட மடல் ஒன்று கொடுக்க வேண்டும். அவர் எழுதிக்கொண்டு வந்த தாளில் "எங்கள் தந்தையாரின் விசுவாசமான கையாளாக 38 ஆண்டுகள் பணியாற்றிய" என்று தொடங்கியிருந்தது. மரியாதையாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். அகராதியிலும் கையாள் என்றால் உதவியாள்தான். ஆனால் அந்த மடல் கணக்கப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் தொங்கப் போகிறது. பேத்தி எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அவளுக்குச் செய்தித்தாள் மூலமாகத் தெரிந்த கையாள், ரவுடிக்கும் கடத்தல்காரனுக்கும் இருக்கிற கையாள்.

"அவுக என்ன செஞ்சாக, அதை மட்டும் சொல்லுங்க தம்பி" என்றேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவே இல்லை. விடியற்காலை லாரி வந்து நிற்கும்போது எடைக்கு அவர்தான் நிற்பார். சரக்கு வாங்கின இடத்துக்குப் பணம் நாள் தவறாமல் போகும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் கடைச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. கடைசியாக, "எங்க அப்பா அவுக எழுதின கணக்கைத் திருப்பிப் பார்த்ததே இல்லைக்கா" என்றார். அதற்கு மேல் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மடல் இப்படி அச்சானது:

"38 ஆண்டுகள் எங்கள் கடையின் கணக்கை எழுதியவர். அப்பா நோயுற்றிருந்தபோது சாவியை வாங்கிக் கடையைத் திறந்தவர். அவர் எழுதிய கணக்கை எங்கள் வீட்டில் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை."

இதில் விசுவாசம் என்ற சொல் எங்கேயும் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு அது விளங்காமல் போகாது.

இங்கே நம் இலக்கணமே நமக்குக் கைகொடுக்கிறது. எழுதியவர், திறந்தவர், உடனிருந்தவர், தோள்கொடுத்தவர் ஆகியவை வினையாலணையும் பெயர்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பாடம்தான். செய்கிற காரியத்தையும் செய்கிறவரையும் அவை ஒரே சொல்லில் சேர்த்துப் பிடிக்கும். கையாள், எடுபிடி, ஏவலாள் என்பவை ஒருவரை இன்னொருவருக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துகிற பெயர்கள். வினையாலணையும் பெயரில் அவரே எழுவாயாக நிற்கிறார். சந்தேகம் வந்தால் இந்த வடிவத்துக்குப் போய்விடுங்கள். கை என்ற சொல்லை வைத்தே சோதித்துப் பாருங்கள். கையாள், கைக்கூலி, கைப்பாவை, கைத்தடி, அல்லக்கை என்று பெயர்களை அடுக்கினால் எல்லாமே வசவு. கைகொடுத்தவர் என்று வினையில் ஏற்றிச் சொன்னால் வாழ்நாள் நன்றி. கை அதேதான்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். ஒரு தொழிலுக்குள்ளே புழங்குகிற பெயர், அந்தத் தொழிலுக்குள் வசவாகாது. கட்டட வேலையில் கொத்தனாருக்குக் கையாள் உண்டு, சித்தாள் உண்டு. "நாளைக்கு ரெண்டு கையாள் வேணும்" என்று மேஸ்திரி சொன்னால் அதில் எந்தக் குறைவும் இல்லை. லாரிக்குக் கிளீனர், கோயில் மடைப்பள்ளிக்குப் பரிசாரகர். சித்திரைத் திருவிழாவில் சுவாமியைத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்குச் சீர்பாதம் தாங்கிகள் என்று பெயர். அழகர்கோயில் பக்கம் ஸ்ரீபாதம் தாங்கிகள் என்பார்கள். அவர்களைப் பற்றி ஏதாவது எழுத வந்தால் 'பல்லக்குத் தூக்குபவர்' என்று மாற்றாதீர்கள். தாங்கி என்ற அந்தச் சொல்லுக்குள்ளேயே தோள் இருக்கிறது, பக்தி இருக்கிறது, பரம்பரை உரிமையும் இருக்கிறது. எந்தத் தொழிலானாலும், அந்த வேலை செய்கிறவர் தன்னைப் பெருமையாக எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்று கேட்டு, அதையே போடுவதுதான் சரி.

அடுத்து அடி என்ற சொல்லின் குடும்பம். இதில் கவனம் இன்னும் அதிகமாக வேண்டும். பக்தி உலகத்தில் அடிக்கு மேலான இடம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்து மாலை கட்டிய விப்ர நாராயணர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் தொண்டரடிப்பொடி. தொண்டர்களின் காலில் ஒட்டிய தூசி என்பது பொருள். அந்தப் பெயரிலேயே அவர் ஆழ்வாராகிவிட்டார். வைணவர்கள் கருடனைப் பெரிய திருவடி என்றும் அனுமனைச் சிறிய திருவடி என்றும் சொல்வார்கள். பெருமாளைச் சுமந்தவர்களுக்கே பெருமாளின் பாதம் பெயராகிவிட்டது. நம் காலத்துக்கு வந்தால், 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய சா. கணேசன் தன்னைக் கம்பன் அடிப்பொடி என்றே சொல்லிக்கொண்டார். ஊரும் அப்படியே அவரை மதித்து அழைத்தது.

அதே அடிப்பொடி இன்றைக்கு ஒரு டீக்கடைப் பேச்சில் என்ன ஆகிறது பாருங்கள். "அவரோட அடிப்பொடிகள்லாம் வந்துட்டாங்க" என்றால் சுற்றி நின்று ஜால்ரா போடுகிற கூட்டம் என்று அர்த்தம். இந்தச் சொல்லை ஒருவர் தானே தனக்குச் சொல்லிக்கொண்டால் பணிவு. அடுத்தவர் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் இளக்காரம். அடியேன் என்பதும் அப்படித்தான். நாயன்மார்களை வரிசையாகப் போற்றுகிற திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் அடியேன் என்று பாடியது தன்னைத்தான். அதில் நம் மதுரைக்கு நெருக்கமான ஒரு பெயர் வருகிறது, பெருநம்பி குலச்சிறை. பாண்டியனின் அமைச்சராக இருந்து, அரசி மங்கையர்க்கரசியோடு சேர்ந்து சம்பந்தரை மதுரைக்கு வரவழைத்தவர். ராஜாவிடமும் விசுவாசம், தன் சமயத்திடமும் விசுவாசம், இரண்டையும் காப்பாற்றினார். சுந்தரர் அவருக்குக் கொடுத்த சொல் கையாள் இல்லை, ஏவலரும் இல்லை, பெருநம்பி. அதாவது ஆளின் தகுதியைச் சொல்லும் சொல். தன்னை மட்டும் அவர் அடியேன் என்று தாழ்த்திக்கொண்டார். அச்சில் ஒரு சொல் ஏறும் முன்னால் இதை நான் எப்போதும் பார்ப்பேன். தாழ்கிற சொல் பேசுகிறவருக்கு, உயர்கிற சொல் பேசப்படுகிறவருக்கு.

ஆகவே, உங்கள் வீட்டில் இருந்தவர் தானே "நான் எடுபிடிதானய்யா" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். அதைப் பிடித்து நன்றியுரையில் போடாதீர்கள். அது அவர் வாய்க்கு மட்டும் உரிய சொல்.

விசுவாசத்துக்கு வருகிறேன். நல்ல சொல்தான், ஆனால் இரண்டு இடங்களில் இடறும். தேவாலயச் சுற்றறிக்கையில் விசுவாசிகள் என்றால் சபையின் இறைமக்கள். அந்த மாதிரி மேட்டரில் "எங்கள் விசுவாசி" என்று ஒரு பணியாளரைக் குறித்தால் வாசிக்கிறவருக்கு வேறு பொருள் போய்ச் சேரும். இரண்டாவது, விசுவாசமான என்ற அடைமொழியைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு நாயின் ஞாபகம் வருவது வழக்கமாகிவிட்டது. நன்றியுள்ள என்பதற்கும் அதே கதிதான். அதனால் மனிதரைச் சொல்லும்போது நம்பிக்கைக்குரிய, நாணயமான, மனச்சாட்சிப்படி உழைத்த என்று எழுதுகிறேன். நாணயம் கீழமாசி வீதிக்கு ரொம்பவும் பொருந்துகிற சொல். வியாபாரிகள் ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகப் பெரிய வார்த்தை அதுதான்.

உறுதுணை, பக்கபலம், தூண் மூன்றும் எப்போதும் கையிருப்பில் இருக்கும் சொற்கள். தப்பில்லை. ஆனால் எல்லா மடலிலும் இருப்பதால் கண் அவற்றின் மேல் நிற்பதில்லை. போட வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு காரியத்தைச் சேர்த்துப் போடுங்கள். "உறுதுணையாக இருந்த" என்பதோடு நிறுத்தாமல், "மகளின் படிப்புக் கட்டணத்துக்குத் தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்து உறுதுணையாக இருந்த" என்று எழுதினால் அதே சொல் உயிர் பெறும். வலது கரம் என்பதைக் கூட்டாகத் தொழில் செய்தவருக்கும் கட்சிக்காரருக்கும் போடலாம், வீட்டில் வேலை செய்தவருக்குப் பொருந்தாது. வலதுகை என்று எழுதினால் மறுபடியும் ரவுடிச் செய்தியின் வாடை வந்துவிடும், கரம் என்றே வையுங்கள்.

கட்சி ஃபிளக்ஸ் மேட்டரில் நான் அதிகம் தலையிடுவதில்லை. போர்வாள், விழுது, நிழல் எல்லாம் அவர்களுக்குள் புழங்குகிற மொழி. தொண்டர் மட்டும் எங்கே போட்டாலும் நிற்கும். அறுபத்து மூன்று நாயன்மார்களுக்கும் அதுதான் பெயர், வார்டில் கொடி கட்டுகிறவருக்கும் அதுதான் பெயர். கொடி கட்டுகிறவர் அந்தச் சொல்லுக்கு எந்த வகையிலும் குறைந்தவர் இல்லை.

பழைய சொல் ஒன்று வேண்டும், கொஞ்சம் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் காட்டுவது ஆபத்துதவி. பாண்டிய மன்னரின் மெய்க்காவல் படைக்குத் தென்னவன் ஆபத்துதவிகள் என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் இறந்து சிதை மூட்டும்போது அவனுக்கு உறுதி சொன்ன வீரர்களும் அந்த நெருப்பில் விழுந்துவிடுவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு கனமான சொல் அது. எனவே தினமும் காபி வாங்கி வந்தவருக்கு அதைப் போடக்கூடாது. நடு இரவில் ரத்தம் கொடுக்க ஓடிவந்தவர், கொரோனா நேரத்தில் யாரும் வாசல் மிதிக்காதபோது மருந்து கொண்டுவந்து வைத்தவர் என்று உண்மையாகவே ஆபத்தில் நின்றவருக்குப் போடலாம். "எங்கள் குடும்பத்தின் ஆபத்துதவி" என்று ஒரு நினைவஞ்சலியில் போட்டோம், அழகாக உட்கார்ந்தது.

சோழர் பக்கம் இதே மாதிரி இருந்தவர்களுக்கு வேளைக்காரர் என்று பெயர். வேளை வரும்போது உயிரையே கொடுப்பதாக உறுதி எடுத்தவர்கள் என்று பொருள் சொல்வார்கள். புரூஃப் பார்க்கிறவர்கள் இங்கே கண்ணை அகல விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ளகரம் லகரமானால் வேலைக்காரர் ஆகிவிடும். ஒரே எழுத்தில் படைவீரர் போய்ப் பாத்திரம் தேய்ப்பவர் வந்து நிற்பார். கோயில் வரலாற்று மலர் அச்சிடுகிறவர்கள் கட்டாயம் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

நோயாளியின் பக்கத்தில் இருந்தவர்களைப் பற்றி எழுதுவது தனி. இது இப்போது நிறைய வருகிறது. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, இங்கே வில்லாபுரத்திலோ செல்லூரிலோ அம்மாவை ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்கிறார். அம்மா காலமானதும், நினைவஞ்சலியில் அந்தப் பெண்ணின் பெயரும் வர வேண்டும் என்று பிள்ளைகள் விரும்புகிறார்கள். விரும்புவதே எனக்கு மனம் நிறைகிற விஷயம். ஆனால் வேலைக்காரி என்று எழுத மனமில்லை, ஆயா என்றால் பள்ளிக்கூடம், செவிலியர் என்றால் படித்துப் பட்டம் பெற்றவர், பணிப்பெண் என்றால் விமானம் அல்லது போலீஸ் செய்தி. வள்ளுவர் இவர்களை மறக்கவில்லை. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் (950) நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்று சொல்லி நாலாவதாக உழைச்செல்வானையும் சேர்க்கிறார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து மருந்து கொடுக்கிறவர் இல்லாமல் மருத்துவமே முழுமையாகாது என்பது அவர் கணக்கு. அந்தச் சொல்லை இன்றைக்கு அப்படியே போட்டால் யாருக்கும் விளங்காது, பொருளை எடுத்துக்கொள்ளலாம். நான் எழுதுவது: "அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட எங்கள் அக்கா" என்று தொடங்கி அவர் பெயர். வயதைப் பார்த்து அக்கா, சித்தி, மதினி எது வீட்டில் கூப்பிட்டார்களோ அதையே வையுங்கள். வீட்டில் பேர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டுவிட்டு அச்சில் மட்டும் 'சகோதரி' என்று போட்டால், வாசிக்கிற அவருக்கே அது தன்னைப் பற்றியதாகத் தோன்றாது. அப்படிக் கூப்பிட்டிருந்தால் உறவுப் பெயரை விட்டுவிட்டுப் பெயரோடு 'அவர்கள்' சேர்ப்பது நேர்மை.

வேற்றுமை உருபும் பேசும், அதையும் கவனியுங்கள். "எங்களிடம் வேலை பார்த்தவர்" என்னும்போது முதலாளி மேலே உட்கார்ந்திருக்கிறார். "எங்களோடு வேலை பார்த்தவர்" என்றால் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆனால் உண்மையில் பக்கத்தில் உட்கார வைக்காதவரை அச்சில் மட்டும் 'ஓடு' உருபு போட்டு உட்கார வைப்பது நன்றாக இருக்காது, விழாவுக்கு வந்திருக்கிற மற்ற ஆட்களுக்கு அது தெரியும். அப்போது "எங்கள் கடையில்" என்று இடத்தைச் சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை, தாழ்வும் இல்லை. பண்ணையாள் என்ற சொல்லை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் தோப்பு, வயல் வைத்திருக்கிற சில வீடுகளில் பாசமாகத்தான் சொல்கிறார்கள், "எங்க தாத்தா காலத்துப் பண்ணையாள்" என்று. அந்தச் சொல்லுக்குப் பின்னால் கடனுக்கு அடைபட்ட தலைமுறைகள் இருக்கின்றன. "எங்கள் வயலில் பாடுபட்டவர்" என்றே எழுதலாம், பாடு என்ற சொல்லில் எல்லாம் வந்துவிடும்.

எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அவர் முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறார், மைக்கில் இது போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லில் உங்கள் குரல் தானாகத் தணிகிறதோ அதை எடுத்துவிடுங்கள். காரணம் தேட வேண்டாம்.

அப்புறம் அச்சு விஷயம். அவர் பெயரை முழுசாக, இனிஷியலோடு போடுங்கள். கடையில் எல்லோரும் "கணக்கப்பிள்ளை" என்றே கூப்பிட்டிருப்பார்கள், சரியான இனிஷியல் முதலாளிக்கே தெரியாது. வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் அவர் கையெழுத்தில் வேறு மாதிரியும் இருந்தால் கையெழுத்தில் இருப்பதைப் போடுங்கள். எத்தனை ஆண்டுகள் என்பதை எண்ணாகவே போடுங்கள், 'பல்லாண்டு காலம்' யாருக்கும் எதையும் சொல்லாது. மடலில் அவர் பெயர் முதலாளி பெயரைவிட இரண்டு பாயிண்ட் பெரிதாக இருக்கட்டும். கீழே இவண் என்ற இடத்தில் முதலாளி பெயருக்கு முன்னால் உடன் வேலை செய்தவர்கள் பெயர்களையும் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கீழமாசி வீதிக் கடை மடலில் சுமை ஏற்றி இறக்குகிறவர்கள் பெயர்களும் வரிசையாக இருந்தன. அதற்காக மடலின் அளவை ஏ4-இலிருந்து ஏ3 ஆக்க வேண்டியிருந்தது, சின்ன முதலாளி மறுபேச்சு இல்லாமல் சரி என்றார்.